நான் சிபாரிசு செய்த பச்சை அட்டைப் புத்தகம்

1

ஒரு புத்தகத்தை நல்ல புத்தகம் என்று நாலு பேரிடம் சொன்னால், அதை நம்பி ஒரு ஆள் கடலோரத்தில் போய் நிற்க நேரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

போய் நின்றது என் மகள் மெர்லின். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவள், பத்தொன்பது வயது. நின்ற இடம் வள்ளியாறு கடலில் விழுகிற பொழி. மாதம் ஆனி. ஊரில் இருக்கிற உங்களுக்கு இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னாலே ஆபத்து தெரிந்துவிடும். எனக்குத் தெரியவில்லை. "நட மக்ளே" என்று பதில் அனுப்பிவிட்டு, சிரித்துக்கொண்டே போனை அணைத்தேன்.

ஊரை விட்டு வந்து இந்த ஆனியோடு இருபது வருஷம். இத்தனை வருஷத்தில் பிழையாக ஆங்கிலம் பேசியிருக்கிறேன், பனியில் வழுக்கி விழுந்திருக்கிறேன், தப்பான ரயிலில் ஏறிக் கடைசி ஸ்டேஷன் வரை போயிருக்கிறேன். எல்லாவற்றையும் ஊருக்கு எழுதிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இதைச் சிரிக்க எழுதவில்லை.

2

ஷீபாவுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு வந்தவன் நான். ஒரு கிடங்கில் சாமான் ஏற்றி அனுப்புகிற வேலை. வெளியே சொல்லிக்கொள்ள அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் எனக்கு ஒரு இடம் உண்டு. ஒருவர் மிருதங்கம் சொல்லித் தருவார், ஒருவர் விசேஷங்களுக்குச் சமோசா பொரித்துக் கொடுப்பார், நான் புத்தகம் சொல்லுவேன்.

கதை எனக்கு ஆகாது. வரலாறு வேண்டும், இல்லாவிட்டால் ஊரைப் பற்றி வேண்டும். அதிலும் ராஜா பெயரும் பட்டம் ஏறிய வருஷமும் வரிசை கட்டி வந்தால் புத்தகத்தை மூடிவிடுவேன். அந்த ராஜா என்ன குழம்பு ஊற்றிச் சாப்பிட்டான், அவனுக்குக் குடை பிடித்தவனுக்குக் கை கடுத்ததா, அரண்மனைக்குப் பால் ஊற்றியவன் எவ்வளவு வெள்ளம் கலந்தான் என்று எழுதியிருந்தால் ராத்திரிச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருப்பேன். இதைத்தான் சங்கத்தில் மேடை போட்டுச் சொல்லுவேன். கை தட்டுவார்கள்.

சங்கத்தின் இந்த வருஷ மலருக்குப் 'பத்துப் புத்தகங்கள்' என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். எல்லாம் நம்ம ஜில்லாவைச் சுற்றியவை. நாஞ்சில் நாட்டுக் கால்வாய்களையும் மடைகளையும் பற்றி ஒன்று. எந்த மடையில் யார் யாரோடு மல்லுக்கு நின்றார்கள் என்று அதில் அப்படியே இருக்கும். களியக்காவிளை ரோட்டைப் பற்றி இன்னொன்று. கடத்துகிற அரிசியைச் சேலைக்குள் கட்டிக்கொண்டு பிள்ளைத்தாச்சி மாதிரி எல்லை தாண்டிய பெண்களைப் பற்றிய அத்தியாயத்தை வாசித்துவிட்டு நான் பஸ்ஸில் தனியாகச் சிரித்திருக்கிறேன். தேங்காப்பட்டணத்து மரைக்காயர் வீட்டுக் கப்பல் கடிதங்கள் ஒன்று. மிஷன் பங்களாவில் லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி ஒன்று. இப்படிப் பத்து. ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி. முகப்பில் என்னுடைய பிரசித்தமான வாக்கியத்தையும் போட்டேன்: நல்ல ஊர்ப் புத்தகத்தை வாசித்து முடித்தால் உடனே செருப்பைத் தேட வேண்டும்.

சங்கத் தலைவர் சென்னைக்காரர். எங்கள் ஊர்த் தமிழைப் பாட்டுப் பாடுகிற தமிழ் என்று கேலி செய்கிறவர். அவரே போனில் கூப்பிட்டார். "சார், உங்க லிஸ்ட்டைப் படிச்சாலே அந்தப் புத்தகத்தையெல்லாம் படிச்ச மாதிரி இருக்கு சார்" என்றார். அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இருந்தது.

3

பத்தாவது புத்தகம்தான் பச்சை அட்டை. தலைப்பையும் ஆசிரியரையும் இங்கே சொல்லப் போவதில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை, காரணம் பின்னால் வரும்.

எழுதியவர் கடற்கரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடலோரமாக ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நடந்து போவார். ஒவ்வொரு நடையும் ஒரு அத்தியாயம். யார் வீட்டில் என்ன மீன் குழம்பு, எந்த வலைக்கு என்ன பெயர், சிலுவை நட்டிருக்கிற எந்தக் குருசடிக்கு எதற்காகச் சண்டை என்று போய்க்கொண்டே இருக்கும். தூரத்தை அவர் கிலோமீட்டரில் எழுதவே இல்லை. ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடப்பாராம். இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் ஒரு ஜெபமாலை தூரம், ஒன்றரை ஜெபமாலை தூரம் என்றுதான் கணக்கு. நாங்கள் சீர்திருத்தச் சபைக்காரர்கள், எங்களிடம் ஜெபமாலை கிடையாது. ஒரு ஜெபமாலைக்கு இருபது நிமிஷம் ஆகும் என்று கிடங்கில் கூட வேலை செய்கிற ஒரு போலந்துக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அளவுக்கு ருசித்து வாசித்தேன்.

ஐந்தாவது நடை மண்டைக்காட்டிலிருந்து கடியப்பட்டணத்துக்கு. இடையில் வள்ளியாற்றின் பொழி. ஆற்று வாயில் அலை கொண்டுவந்து கொட்டுகிற மணல்மேட்டைத்தான் பொழி என்கிறோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சொந்த வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல அதைக் கடந்ததாக எழுதியிருந்தார். அந்த இடத்தில் எனக்கே கால் கூசியது. மலரில் எழுதினேன்: 'கடைசிப் பக்கம் வரை கீழே வைக்க மனம் வராது.'

மெர்லினுக்கும் ஊருக்கும் ரொம்ப நாளாக ஒட்டுதல் இல்லை. சின்ன வயதில் லீவுக்குக் கூட்டிப் போனால் கொசுவையும் கரண்ட் போவதையும் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. பிறகு "ஒங்க ஊரு" என்று சொல்ல ஆரம்பித்தாள். அந்த 'ஒங்க' எனக்குச் சுருக்கென்று குத்தும். சங்கத்து விழாக்களில் காதில் பாட்டுக் குழாயை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள்.

அவள்தான் இந்த வருஷம் மலரைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். காலேஜ் லீவுக்குத் தனியாக ஊருக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். "அப்பா, இந்தப் பத்துல நான் எதக் கொண்டு போகட்டும்?"

நான் அலமாரியிலிருந்து பச்சை அட்டையை உருவிக் கொடுத்தேன். "இதுதான் இருக்கதுல பெஸ்ட்" என்றேன். பொய். இருக்கிறதில் மெலிசு அதுதான். இவள் எங்கே வாசிக்கப் போகிறாள் என்ற நினைப்பு.

வாசித்தாள். சாயங்காலமானால் சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டி. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். நான் சும்மா இருந்திருக்கலாம். "நீ வாசிச்சு முடிக்கதுக்குள்ள எனக்கு பென்ஷன் வந்திரும்" என்றேன். ஷீபா முறைத்தாள். மெர்லின் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு விரலை விட்ட இடத்தில் வைத்தாள்.

4

என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு இங்கே நாள் வாங்குவது பெரிய பாடு. விடியற்காலையில் எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பட்டன் பச்சையாகும்போது அமுக்க வேண்டும். இரண்டு மாதம் அமுக்கி அமுக்கி ஒரு நாள் கிடைத்தது. வேறு ஊர், ரயிலில் இரண்டு மணி நேரம். ஒரு காகிதம் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் வரிசை. உள்ளே போகும்போது போனை அணைத்து, அவர்கள் தருகிற பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். எனக்கு முன்னால் இரண்டு பேர் நிற்கும்போது போன் சிணுங்கியது. மெர்லின். இங்கே காலை பதினொன்று, ஊரில் மத்தியானம் தாண்டி மூன்றரை. ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஈர மணல், கொஞ்சம் வானம், ஓரத்தில் செம்மண் நிறத்தில் ஏதோ. அடியில் எழுதியிருந்தாள்: 'அப்பா, பொழி வந்தாச்சு. அஞ்சாவது நடை. இனி என்ன செய்யணும்?'

எனக்கு நெஞ்சு விம்மியது. "ஒங்க ஊரு" என்ற பிள்ளை, என் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மண்டைக்காட்டிலிருந்து நடந்து பொழிக்கு வந்திருக்கிறாள்! வரிசையில் நின்ற எல்லோரிடமும் காட்ட வேண்டும்போல இருந்தது. பரபரவென்று அடித்தேன்: 'நட மக்ளே! செருப்பக் கையில எடுத்துக்கோ. ஒரு ஜெபமாலைதான்.' பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சியும் போட்டேன். காவலாளி கையை நீட்டினார். அணைத்துக் கொடுத்தேன்.

உள்ளே டோக்கன் தந்தார்கள். ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதச் சொன்னார்கள். நாளுக்கான எண்ணை எழுதினேன். மாதத்துக்கு இரண்டு கட்டம் இருந்தது. பூஜ்யம் போட்டேன், ஏழு போட்டேன். கை அப்படியே நின்றது.

ஏழாம் மாதம். ஆனி.

எங்கள் அப்பாவுக்கு வள்ளியாற்றுப் பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது. ஆனி ஆடி மழையில் ஆறு பெருகும், பொழி அடைத்துக்கொண்டிருப்பதால் வெள்ளம் கடலுக்குப் போகாமல் வயலில் ஏறும். வயல்காரர்கள் மண்வெட்டி எடுத்துக்கொண்டு பொழி முறிக்கப் போவார்கள். அப்பாவும் போவார். மணலில் ஒரு சாண் அகலத்துக்குச் சால் கீறிவிட்டால் போதும் என்பார். ஒரு சாயா குடித்து முடிக்கிற நேரத்துக்குள் இரண்டு பக்கமும் இடிந்து இடிந்து, பஸ் போகிற அகலத்துக்கு ஆறு பாய்ந்துவிடும். பிறகு பல நாளைக்கு அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. மேலே பார்த்தால் திட்டுத் திட்டாக நல்ல மணல் கிடக்கும், அடியில் வெள்ளம் அரித்துக்கொண்டே இருக்கும். கால் வைத்தால் திட்டோடு போக வேண்டியதுதான். சின்ன வயதில் எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு, மழைக்காலத்தில் பொழிக்குப் போனால் காலை முறித்துவிடுவேன் என்று.

இவ்வளவும் எனக்குத் தெரியும். புத்தகத்தில் வந்த பொழியும் அப்பா முறித்த பொழியும் ஒன்றேதான் என்று மட்டும் இந்த மண்டைக்கு அதுவரை எட்டவில்லை. வயல் பக்கத்திலிருந்து பார்த்தது வேறு பொழி, புத்தகத்தில் வாசித்தது வேறு பொழி என்று வைத்திருந்தேன். அந்தப் படத்தின் ஓரத்தில் கிடந்த செம்மண் நிறம் ஆற்று வெள்ளம்.

எழுந்தேன். நாற்காலி கீழே விழுந்தது. காவலாளியிடம் போனைக் கேட்டேன். வெளியே போனால் டோக்கன் செல்லாது, வேறு நாள்தான் வாங்க வேண்டும் என்றார். இருபது வருஷம் பேசிய ஆங்கிலத்தில் ஒரு சொல் வாயில் வரவில்லை. "எனக்க மொவ பொழியில நிக்கா, போனத் தாரும்!" என்று அவரிடம் தமிழில் கத்தினேன். ஹாலே திரும்பிப் பார்த்தது. அவர் உறையைக் கிழித்துப் போனைக் கையில் தந்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

5

மெர்லினின் போன் அணைந்து கிடந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி. அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் அமைதியாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

திங்கள்சந்தைப் பக்கம் இருக்கிற என் அக்கா கிரேஸின் வீட்டில்தான் மெர்லின் தங்கியிருந்தாள். அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, மெர்லின் எங்க?"

"அவ காலத்தே போனாளே. மண்டைக்காட்டுல எறங்கி கடக்கரையோட நடக்கணும்னா. குடை கொண்டு போயிருக்கா. என்ன மக்கா, ஒனக்க சத்தம் ஒரு மாதிரி கெடக்கு?"

"பொழி முறிச்சாச்சா?"

"முந்தாநாளே முறிச்சாச்சே. வயல்லல்லாம் வெள்ளம் கேறிக் கெடந்துல்லா. ஏன் கேக்க?"

"அவ அங்கதான் நிக்கா. நான் நடந்து போகச் சொன்னேன்."



"ஒனக்குப் பிராந்தாலே? முறிச்ச பொழியில பிள்ளைய நடக்கச் சொன்னியா? நீ அப்பாக்க மகன்தானா?"

"புத்தகத்துல அப்படித்தான் அக்கா..."

"ஒனக்க புத்தகத்தக் கொண்டு அடுப்புல வை!" என்று கத்திவிட்டு, வீட்டுக்குள் திரும்பி அத்தானைக் கூப்பிட்டாள். "இஞ்ச பாருங்க, வண்டிய எடுங்க! பிள்ள பொழியில நிக்கா! சட்டையெல்லாம் பொறவு போடலாம், எடுங்க!" அக்காவின் கணவருக்கு முட்டுவலி, பகலில் படுத்திருப்பார். ஸ்கூட்டர் உறுமுகிற சத்தம் போனிலேயே கேட்டது.

திங்கள்சந்தையிலிருந்து பொழிக்கு நல்ல வேகத்தில் போனால் இருபது நிமிஷம். மழையில், அத்தானின் முட்டோடு, அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் நான் அந்த அலுவலகத்து வெளிப்படியில் உட்கார்ந்திருந்தேன். இங்கேயும் தூறிக்கொண்டிருந்தது. மெர்லின் எண்ணை அடிப்பேன், காத்திருப்பேன், அடிப்பேன். ஷீபா வார்டில் டியூட்டியில் இருந்தாள். அவளுடைய வார்டு எண்ணில் பாதியை அடித்துவிட்டு நிறுத்தினேன். என்ன சொல்ல? உன் பிள்ளையை நான் பொழிக்குள் இறங்கச் சொல்லிவிட்டேன் என்றா?

வேண்டாத நினைப்பெல்லாம் வந்தது. நீச்சல் குளத்தில் அவள் வாங்கிய பதக்கம் ஞாபகம் வந்தது, ஒரு நிமிஷம் தைரியம் வந்தது, குளமும் ஆனிக் கடலும் ஒன்றா என்று போய்விட்டது. ஆண்டவரே, ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு ஜெபம் வரவில்லை.

அந்தப் படியில்தான் என்னிடம் நானே ஒப்புக்கொண்டேன். இப்போது உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்துப் புத்தகங்களில் நான் கடைசிப் பக்கம் வரை போனது மூன்று. மற்ற ஏழும் பாதி, கால், சிலது முன்னுரையும் நடுவில் நாலு பக்கமும். நாலு பக்கத்தில் ருசி கண்டால் நாற்பது பக்கத்துக்குப் பேசிவிட என்னால் முடியும். பச்சை அட்டையை, போன முறை ஊரிலிருந்து திரும்பும்போது விமானத்தில் வாசித்தேன். ஐந்தாவது நடை முடிகிற இடத்தில் சாப்பாடு வந்தது. போர்டிங் பாஸைப் பக்கத்துக்குள் வைத்து மூடினேன். பிறகு திறக்கவில்லை. கடைசிப் பக்கம் வரை கீழே வைக்க மனம் வராது என்று எழுதியவன் நான்தான்.

6

அத்தானின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன்.

"ஆளு இருக்கா மக்கா, ஒண்ணும் ஆகல்ல" என்றார் முதலிலேயே. நல்ல மனுஷர். "கடியப்பட்டணத்துல சாயாக்கடையில இருந்து பழம்பொரி தின்னுட்டு இருக்கா. நான் சட்ட இல்லாம வந்து நிக்கேன், பெண்டுவ எல்லாம் சிரிக்காவ. இந்தா, பேசு."

அந்தப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். போகிறவர்கள் விலகிப் போனார்கள். அழுகை அடங்கியதும் கோபம்தான் வந்தது.

"போன எதுக்கு அணைச்ச? ஏட்டி, அறிவிருக்கா ஒனக்கு? இஞ்ச ஒருத்தனுக்க உயிரு போயிட்டு வந்திருக்கு!"

"நீங்க நடக்கச் சொன்னிய" என்றாள். குரல் தணிவாக இருந்தது.

"நடந்தியா?"

"இல்ல. பாலத்தச் சுத்தி ரோடு வழியா வந்தேன்."

"பின்ன என்னத்துக்கு எங்கிட்ட கேட்ட, இனி என்ன செய்யணும்னு?"

 பின்னால் யாரோ சாயா ஆற்றுகிற சத்தமும், கடலின் இரைச்சலும் கேட்டன.

"புத்தகத்துக்குள்ள ஒங்க போர்டிங் பாஸ் இருந்துச்சு" என்றாள். "அஞ்சாவது நடை முடியுற பக்கத்துல. வீட்டுல வச்சே பாத்தேன். சில பேரு கார்ட வச்ச எடத்துலயே விட்டுட்டு மேல வாசிப்பாங்கல்லா? அப்பாவும் அப்படித்தான்னு நெனச்சேன். பொழிக்கு வந்ததும் ஒரு தடவ கேட்டுரலாம்னு தோணிச்சு. கடைசி அத்தியாயம் வாசிச்சிருந்தா நீங்க, ஓடு, திரும்பிப் போன்னு சொல்லியிருப்பிய."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கோவம் வந்துச்சுப்பா. போன ஆஃப் பண்ணிட்டேன். அது தப்புதான்."

"கடைசி அத்தியாயத்துல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"வாசிக்கட்டுமா?"

சாயாக்கடை பெஞ்சில் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாசித்தாள். இரண்டே பக்கம். அவள் வாசிக்க இருபது நிமிஷம் ஆனது. எழுத்துக் கூட்டினாள், தவறான இடத்தில் மூச்சு விட்டாள், ஒரு வரியை இரண்டு தடவை வாசித்தாள். நான் ஒரு இடத்தில்கூடத் திருத்தவில்லை.

அந்த வாத்தியார் தன் நடைகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் தினமும் பேசுவாராம். கேட்டுக் கேட்டு ஆசைப்பட்டவர் அங்கே கணக்குச் சொல்லிக்கொடுத்த இன்னொரு வாத்தியார். வயல்காட்டுப் பக்கத்து ஆள், கடலைத் தூரத்திலிருந்து பார்த்தவர். ஒரு ஆனி மாத ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து ஐந்தாவது நடையை நடக்கலாம் என்று முடிவு செய்தார்கள். அன்றைக்குப் புத்தகம் எழுதிய வாத்தியாருக்குப் பூசை முடிய நேரமாகிவிட்டது. நீங்க நடங்க, நான் பின்னால வாறேன் என்று ஒரு ஆளிடம் சொல்லி அனுப்பினார். அதற்கு முந்தின நாள் பொழியை முறித்திருந்தார்கள் என்பது இவருக்கும் தெரியும். சொல்லி அனுப்பும்போது அது மனதில் வரவில்லை. இவர் பின்னால் போய்ச் சேர்ந்தபோது கரையில் ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது.

அந்தப் புத்தகத்தை அவர் எழுதியது அதற்காகத்தான். எந்த வழியை எந்த மாதத்தில் நடக்கலாம், எதை நடக்கக் கூடாது என்று கடைசியில் ஒரு அட்டவணை இருந்தது. ஜெபமாலைக் கணக்கும் மீன் குழம்பும் அதுவரை வாசகனைக் கூட்டிக்கொண்டு வருவதற்காக. நான் குழம்பைக் குடித்துவிட்டு எழுந்து போனவன்.

"முடிஞ்சுதுப்பா" என்றாள் மெர்லின். பிறகு, "அத்தான் மாமாக்கு சாயா ஆறிப் போச்சு" என்றாள். அக்கா கணவரை நான் அத்தான் என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அவருக்கு அவள் வைத்த பெயர் அது. சிரிப்பு வர வேண்டியது. வரவில்லை.

7

பாஸ்போர்ட்டுக்கு மறுபடி விடியற்காலையில் பட்டன் அமுக்கிக்கொண்டிருக்கிறேன். ஷீபாவிடம் அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் சொன்னேன். "அவ வாசிக்கிற பிள்ளையானதுனால தப்பிச்சா" என்று ஒரே ஒரு வரி சொன்னாள். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. அது நியாயம்.

சங்கத் தலைவருக்கு எழுதி, மலரின் இணையப் பதிப்பிலிருந்து பத்தில் ஏழு புத்தகங்களை எடுத்துவிடச் சொன்னேன். "எதுக்கு சார்? யாரு சார் செக் பண்ணப் போறா?" என்றார். ஒரு ஆள் ஏற்கெனவே செக் பண்ணியாச்சு என்றேன். மூன்றை மட்டும் உங்களுக்கும் தைரியமாகச் சொல்லுவேன்: கால்வாய்களைப் பற்றியது, களியக்காவிளை ரோட்டைப் பற்றியது, கப்பல் கடிதங்கள். மூன்றின் கடைசிப் பக்கத்திலும் என்ன இருக்கிறது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்கலாம். செருப்பைப் பற்றிய அந்த வாக்கியத்தையும் அடித்துவிடச் சொன்னேன்.

போன வாரம் மெர்லின் திரும்பி வந்தாள். அக்கா கொடுத்துவிட்ட நேந்திரங்காய்ச் சிப்ஸும் கருவாடும் பெட்டி முழுக்க. பச்சை அட்டைப் புத்தகத்தைச் சமையலறை மேசையில், என் நாற்காலிக்கு நேராக வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். மழையில் நனைந்து காய்ந்து அட்டை வளைந்திருந்தது. திறந்தேன். கடைசி அட்டவணையில் ஆனிக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். என் போர்டிங் பாஸ் மட்டும் இன்னும் அறுபத்திரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைத் தொடவே இல்லை.

போர்டிங் பாஸை எடுத்து மேசையில் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆறாவது நடையின் முதல் வரியில் விரலை வைத்தேன்.